அடுத்த ஓவர் யாருக்கு?

1998, ஆகஸ்ட் 27. லண்டன் ஓவல் மைதானத்தில் டாஸ் வென்ற இலங்கை கேப்டன் அர்ஜுன ரணதுங்க, இங்கிலாந்தையே முதலில் ஆடச் சொல்லிவிட்டார். பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. ஐந்து நாள் ஆட்டத்தில் நாள் ஆக ஆகத்தான் ஆடுகளம் சுழலுக்கு வழிவிடும். முத்தையா முரளிதரனைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் முதலில் பேட் செய்து ரன் குவித்துவிட்டு, களம் உடைந்த பிறகு அவரை அவிழ்த்துவிடுவதுதானே முறை? இங்கிலாந்து 445 ரன் எடுத்தபோது ரணதுங்கவைக் கேலி செய்யாதவர்கள் குறைவு.

அவர் பின்னால் சொன்ன காரணம் எளிமையானது: முரளிக்கு இடையில் ஓய்வு வேண்டும். இலங்கை முதலில் ஆடி மலைபோல் ரன் குவித்து, எதிரணி பாலோ-ஆன் ஆனால் என்ன ஆகும்? ஒரே மூச்சில் இரண்டு இன்னிங்ஸ் வீச வேண்டிவரும். அந்த அணியில் அப்படிப்பட்ட பாரத்தைச் சுமக்க முரளியை விட்டால் ஆளில்லை. முதலில் பந்து வீசிவிட்டால், ஜயசூரியவும் அரவிந்த டி சில்வாவும் ஆடுகிற நேரமெல்லாம் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். அப்படியே நடந்தது. ஜயசூரிய 213, அரவிந்த 152, அணி 591. முதல் இன்னிங்ஸில் 59.3 ஓவர் வீசி 7 விக்கெட் எடுத்திருந்த முரளி, தோள் ஆறித் திரும்பி வந்து இரண்டாவது இன்னிங்ஸில் 54.2 ஓவர் வீசினார். 65 ரன்னுக்கு 9 விக்கெட். மிச்சமிருந்த ஒருவர் ரன் அவுட். ஓர் ஆட்டத்தில் 113.5 ஓவர், 16 விக்கெட். இலங்கைக்குப் பத்து விக்கெட் வெற்றி.

தெற்கு விம்பிள்டனில் நார்தர்ன் லைன் ரயில் ஏறினால் ஓவல் ஒன்பதாவது நிறுத்தம். வழியில் கோலியர்ஸ் வுட், டூட்டிங் பிராட்வே என்று தமிழ்க் கடைகளும் தமிழ்க் குடும்பங்களும் நிறைந்த பகுதிகள் வரும். விம்பிள்டன் எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு வருகிற யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் ஓவல் டெஸ்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்; பதினாறு விக்கெட்டையும் வரிசையாகச் சொல்பவர் ஒருவராவது அகப்படுவார். டாஸைப் பற்றிச் சொல்பவர் அரிது. எனக்கு அந்த ஆட்டத்தில் விக்கெட்டுகளைவிட டாஸ்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு பந்துவீச்சாளரை எப்போது பயன்படுத்துவது என்று யோசிக்கிற கேப்டன்கள் ஆயிரம் பேர். எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதை வைத்து ஆட்டத்தையே திட்டமிட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

162 ஆட்டம், 13 கை

இந்தக் கணக்கை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்தது அமெரிக்க பேஸ்பால். அங்கே பெரிய லீகில் ஓர் அணி ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆட வேண்டும். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். அணியில் 26 பேர். அவர்களில் பந்தெறிகிற பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள விதி. இந்தப் பதின்மூன்று கைகளை வைத்து மேனேஜர் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஓட்டியாக வேண்டும். பொதுவாக ஐந்து பேர் முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஒருவர் இன்று எறிந்தால் மறுபடி அவர் முறை வர நாலைந்து நாள் ஆகும். மற்றவர்கள் ‘புல்பென்’ எனப்படும் ஓரத்து அடைப்பில் உட்கார்ந்திருப்பார்கள். தொலைபேசி அடித்தால் எழுந்து கையைச் சூடேற்ற வேண்டும்.

கிரிக்கெட்டுக்கும் அதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பேஸ்பாலில் ஒருவரை வெளியே எடுத்தால் எடுத்ததுதான். அந்த ஆட்டத்துக்கு அவர் திரும்ப முடியாது. கிரிக்கெட் கேப்டன் ஒருவரை ஐந்து ஓவர் வீசவைத்து, ஃபைன் லெக்கில் நிறுத்தி, தேநீருக்குப் பிறகு மறுபடி கூப்பிடலாம். அதனால் நம் கேப்டன்களுக்குச் சலுகை அதிகம், ஆசையும் அதிகம். இன்னும் ஒரே ஓவர், இன்னும் ஒரே ஓவர் என்று கேட்டே பல தோள்களைக் கெடுத்திருக்கிறார்கள்.

பேஸ்பாலும் ஆரம்பத்திலேயே ஞானம் பெற்றுவிடவில்லை. 1884இல் பிராவிடன்ஸ் அணியின் சார்லஸ் ராட்போர்ன், கூட இருந்த இன்னொரு முக்கியப் பிட்சர் நடுப்பருவத்தில் விலகிப் போக, ஏறக்குறைய முழுச் சுமையையும் தானே ஏற்றார். 73 ஆட்டம் தொடங்கினார். 73ஐயும் அவரே முடித்தார். இன்று ஒரு பிட்சர் ஒரு முழு ஆட்டத்தை முடித்தாலே செய்தி. ஆட்டத்தைத் துண்டுபோடும் போக்கு நூறாண்டுக்குமேல் மெதுவாக வந்தது. 1988இல் ஓக்லாண்ட் மேனேஜர் டோனி லா ரூஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லி என்ற அனுபவசாலியைக் கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் அவர் வருவார், முடிப்பார். அந்த ஆண்டு அப்படி 45 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்தன.

லண்டன்காரர்கள் இதை நேரிலும் பார்த்தார்கள். 2019 ஜூன் 29 அன்று கிழக்கு லண்டனில் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதின. இரண்டு பக்கமும் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர்கள் முதல் இன்னிங்ஸையே முடிக்கவில்லை. ஆளுக்கு ஆறு ரன் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். மிச்ச எட்டு இன்னிங்ஸையும் புல்பென் ஆட்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்பி மேனேஜர்கள் சமாளித்தார்கள். 17-13 என்று முடிய நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதல்முறை பேஸ்பால் பார்க்க வந்த ஆங்கிலேயர்களுக்கு ரன் மழை பிடித்திருக்கும். இரண்டு மேனேஜர்களின் தலைவலி, மறுநாளும் ஓர் ஆட்டம் இருக்கிறதே என்பது.

ஓய்வு கொடுப்பது பற்றிய சண்டையில் எல்லோரும் இழுக்கிற பெயர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் இளம் நட்சத்திரம். 2010இல் முழங்கைத் தசைநார் அறுந்து ‘டாமி ஜான்’ அறுவை செய்துகொண்டவர். வேறிடத்துத் தசைநாரை எடுத்து முழங்கையில் தைக்கிற இந்த அறுவையை 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தார். நோயாளியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 2012இல் ஸ்ட்ராஸ்பர்க் அற்புதமாக எறிந்துகொண்டிருந்தபோது, 159 இன்னிங்ஸைத் தாண்டியதும் நிர்வாகம் அவரை நிறுத்தியது. அணி லீகிலேயே அதிக வெற்றிகளோடு முதலிடத்தில் இருந்தது. நாக்-அவுட் சுற்று வந்தது, அவர் பெஞ்சில். தீர்மான ஆட்டத்தில் 6-0 என்று முன்னிலை பெற்றிருந்த வாஷிங்டன் 9-7 என்று தோற்றது.

நிர்வாகம் செய்தது சரியா? 2019இல் அதே ஸ்ட்ராஸ்பர்க் உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், அணி கோப்பை வென்றது. பார்த்தீர்களா என்றார்கள் ஆதரவாளர்கள். அடுத்து அவருக்கு ஏழு ஆண்டுக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகு அவரால் ஆட முடிந்தது மொத்தம் 8 ஆட்டம். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு நெரிபட்டு 2024இல் ஓய்வு அறிவித்தார். பார்த்தீர்களா என்று எதிர்த்தரப்பும் சொல்லலாம். எறிகிற கை ஊற்றுக் கிணறு மாதிரி. இன்று இறைக்காமல் விட்டதெல்லாம் நாளைக்குக் கூடுதலாகச் சேர்ந்துவிடாது. ஆனால் இன்று அடிமண் தெரிய இறைத்தால் நாளைக்கு நிச்சயம் சேறுதான்.

மாற்று ஆள் இல்லாத விளையாட்டு

விம்பிள்டன் சர்ச் ரோட்டில் இருக்கிற டென்னிஸ் கழகத்தை இந்தக் கதையில் விட்டுவிட முடியாது. டென்னிஸ் சர்வும் பேஸ்பால் எறியும் உடலுக்கு ஏறக்குறைய ஒரே வேலை: கை தலைக்கு மேலே பின்னோக்கி வளைந்து, தோள் சுழன்று, முழங்கை சொடுக்குகிறது. கிரிக்கெட்டில் கையை மடக்கி நீட்டக் கூடாது என்பதால் பாரம் இடம் மாறி முதுகின் அடிப்பகுதிக்கு இறங்குகிறது. பிட்சருக்கு முழங்கை போகும், வேகப்பந்து வீச்சாளருக்கு இடுப்புக்கு மேலுள்ள எலும்பில் விரிசல் விழும். 1877இல் நடந்த முதல் விம்பிள்டனை வென்ற ஸ்பென்சர் கோர், சர்ரே அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். அந்தக் காலத்து சர்வ் தோள் நோகிற அளவுக்கு வேகமானதில்லை.

டென்னிஸில் மேனேஜர் ஓடிவந்து கையை உயர்த்தி வேறு ஆளைக் கூப்பிட முடியாது. 2010 ஜூனில் 18ஆம் எண் ஆடுகளத்தில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் மூன்று நாள், 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். கடைசி செட் 70-68. இஸ்னர் 113 ஏஸ், மஹூ 103 ஏஸ். ஜெயித்த இஸ்னருக்கு அடுத்த ஆட்டம் மறுநாளே. நெதர்லாந்தின் தியமோ டி பேக்கர் அவரை 74 நிமிடத்தில் 6-0, 6-3, 6-2 என்று அனுப்பிவைத்தார். முந்தைய ஆட்டத்தில் 113 ஏஸ் போட்ட கை, இதில் ஒன்றுகூடப் போடவில்லை. ஓய்வில்லாத கை என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் நடத்தியிருக்க முடியாது.

எட்டு ஆண்டு கழித்து இன்னொரு முறை நடந்தது. 2018 அரையிறுதியில் கெவின் ஆண்டர்சன் அதே இஸ்னரைக் கடைசி செட்டில் 26-24 என்று ஆறரை மணி நேரத்தில் வென்று, இறுதியில் ஜோகோவிச்சிடம் முதல் இரண்டு செட்டையும் 2-6, 2-6 என்று பறிகொடுத்துத் தோற்றார். 2019இல் கழகம் கடைசி செட்டுக்கும் டை-பிரேக் கொண்டுவந்தது. மேனேஜர் இல்லாத விளையாட்டில் விதிதான் மேனேஜர் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

(இதே புல்தரையில் 1954இல் ஜூனியர் பட்டமும், 1960லும் 1961லும் அரையிறுதியும் கண்ட நம் ராமநாதன் கிருஷ்ணனின் சர்வைக் கண்டு எதிரிகள் பயந்ததாகத் தகவல் இல்லை. மென்மையான சர்வ், நுட்பமான கை. தென்காசிக் குடும்பத்தின் அந்த ஆட்டமுறை தோளைக் காப்பாற்றியிருக்கலாம். 1962இல் நான்காம் நிலை வீரராக இறங்கியபோது காலை வாரியது கணுக்கால்.)

பும்ராவின் மூன்று, சிராஜின் ஐந்து

2025 கோடையில் இந்தியா இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் ஆடியது. விம்பிள்டன் டென்னிஸ் நடந்த இரு வாரத்துக்குள்ளேயே எட்ஜ்பாஸ்டனும், லார்ட்ஸின் பெரும்பகுதியும் முடிந்துவிட்டன. தொடர் தொடங்குவதற்கு முன்பே தேர்வாளர் அஜித் அகர்கர் சொல்லிவிட்டார்: ஜஸ்பிரித் பும்ரா ஐந்திலும் ஆட மாட்டார் என்று. நாலா, மூன்றா என்பது மட்டும் பாக்கி; கடைசியில் மூன்றுதான் ஆனது.

அதற்குக் காரணம் ஆஸ்திரேலியா. 2024-25 பயணத்தில் பும்ரா 151.2 ஓவர் வீசி 32 விக்கெட் எடுத்தார். மறுமுனையில் தொடர்ந்து கைகொடுக்க ஆளில்லாததால் கேப்டனுக்கு விக்கெட் வேண்டும்போதெல்லாம் அவரிடமே பந்து போனது. ஐந்தாவது டெஸ்டில், சிட்னியில், முதுகு பிடித்துக்கொண்டு வெளியேறினார். தொடரின் கடைசி இன்னிங்ஸில் அவரால் ஒரு பந்தும் வீச முடியவில்லை. 2023இல்தான் அவருக்கு முதுகில் அறுவை நடந்திருந்தது. மறுபடியும் அதே இடம் போனால் திரும்பிவருவது கடினம். ஆக மூன்று டெஸ்ட் என்ற கணக்கை மருத்துவம் போட்டது என்று சொன்னால் தவறில்லை.

நடந்ததைப் பாருங்கள். லீட்ஸில் ஆடினார், இந்தியா தோற்றது. எட்ஜ்பாஸ்டனில் ஒரு வார இடைவெளி இருந்தும் உட்காரவைக்கப்பட்டார். இந்தியா 336 ரன் வித்தியாசத்தில் வென்றது, அவர் இடத்தில் வந்த ஆகாஷ் தீப் பத்து விக்கெட் எடுத்தார். லார்ட்ஸில் ஆடினார், 22 ரன்னில் தோல்வி. மான்செஸ்டரில் ஆடினார், டிரா. ஓவலில் இல்லை, 6 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பும்ரா இல்லாவிட்டால்தான் இந்தியா ஜெயிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பறந்த அபத்தத்தை நான் ஏற்கவில்லை. எட்ஜ்பாஸ்டனில் 269, 161 என்று ஷுப்மன் கில் அடித்ததற்கும் பும்ராவின் முதுகுக்கும் சம்பந்தமில்லை.

என் மனக்குறை வேறு. அந்தத் தொடரில் முகமது சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடினார். 185.3 ஓவர், அதாவது 1,113 பந்து. 23 விக்கெட். பும்ராவின் மூன்று டெஸ்டுக்கு எல்லோரும் தினமும் கணக்குப் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் விவாதம், முன்னாள் வீரர்களின் கண்டனம், மறுப்பு. சிராஜின் ஐந்துக்கு அப்படி ஒரு விவாதம் நடந்ததாக நினைவில்லை. வேலைப்பளு ஓர் ஆளுக்குக் குறைந்தால் அது எங்கும் ஆவியாகிப் போவதில்லை, பக்கத்தில் நிற்பவர் தோளில் ஏறுகிறது. யார் தோளில் ஏற்றலாம் என்பதை அணிகள் பெரும்பாலும் உடலைப் பார்த்து முடிவெடுப்பதில்லை; குணத்தைப் பார்க்கின்றன. முடியாது என்று சொல்லாதவனே அகப்பட்டுக்கொள்கிறான்.

ஓவல் டெஸ்டின் நான்காம் நாள் எல்லைக் கோட்டருகே ஹாரி புரூக் அடித்த பந்தைச் சிராஜ் பிடித்தார். பிடித்த கையோடு பின்னால் ஓரடி வைத்ததில் கால் கயிற்றில் பட்டது. அவுட்டாக வேண்டியது சிக்ஸர் ஆனது. அப்போது 19 ரன்னில் இருந்த புரூக் 111 வரை போனார். அது களைப்பா, கவனக்குறைவா, வெறும் துரதிர்ஷ்டமா, யாரால் சொல்ல முடியும்? மறுநாள் காலை இங்கிலாந்துக்கு 35 ரன் தேவை, கையில் நாலு விக்கெட். அதிலும் ஒருவர் தோள் விலகிய கிறிஸ் வோக்ஸ், ஒரு கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருந்தார். பந்து மறுபடியும் சிராஜிடம்தான் போனது. தொடரின் ஆயிரத்துச் சொச்சமாவது பந்தைக் கஸ் அட்கின்சனின் ஸ்டம்பில் யார்க்கராக இறக்கினார். அந்த இன்னிங்ஸில் அவர் வீசியது 30.1 ஓவர்.

இங்கிலாந்து மட்டும் கெட்டிக்காரத்தனமாகவா நடந்துகொண்டது? லார்ட்ஸின் கடைசி நாளில் பென் ஸ்டோக்ஸ் தனக்குத் தானே நீண்ட ஸ்பெல்களைக் கொடுத்துக்கொண்டு ஆட்டத்தை வென்றார். அடுத்த டெஸ்ட் முடிவதற்குள் வலது தோள் தசை கிழிந்தது. ஓவலில் கேப்டன் வெளியே. பந்து வீசுகிறவனே கேப்டனாகவும் இருந்தால் அவனிடமிருந்து பந்தைப் பிடுங்க ஆளிருக்காது. கபில்தேவ் காலத்திலிருந்து தெரிந்த சங்கதி.

நான்கு நிமிடப் பேச்சுவார்த்தை

கைகளைப் பங்கிடுவதில் நம் ஊர் ரசிகன் கண்ட பெரிய பாடம் சேப்பாக்கத்தில் நடந்தது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு நாலு ஓவர்தான் என்று விதியே கட்டிப்போட்டிருப்பதால், அங்கே கேப்டன் வேலை பேஸ்பால் மேனேஜர் வேலைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஐபிஎல்லில் சென்னைக்குக் கேப்டனாக இருந்த தோனி இதை வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டார். தீபக் சாஹருக்குப் புதுப் பந்து, முதல் ஆறு ஓவருக்குள்ளேயே அவர் பங்கை அநேகமாக முடித்துவிடுவார். இலங்கையின் மதீஷ பதிரனவுக்குக் கடைசி ஓவர்கள். நடுவில் சுழல். 2023இல் பதிரனவைப் பற்றிப் பேசுகையில், இந்தப் பையன் சிவப்புப் பந்து ஆட்டத்தின் பக்கம் போகாமலிருப்பதே நல்லது என்ற பொருளில் தோனி வெளிப்படையாகவே சொன்னார். இன்னொரு நாட்டு வீரனின் வருங்காலத்துக்குச் சென்னை கேப்டன் அட்டவணை போட்டது கொழும்பில் சிலருக்கு ரசிக்கவில்லை என்றால் அதில் நியாயம் உண்டு.

அந்த ஆண்டு மே 23, குஜராத்துடன் முதல் தகுதிச் சுற்று. பதிரன சிறிது நேரம் களத்தை விட்டு வெளியே போய்வந்தார். எவ்வளவு நேரம் வெளியே இருந்தாரோ அவ்வளவு நேரம் களத்தில் நின்ற பிறகுதான் வீசலாம் என்பது விதி. பதினாறாவது ஓவருக்குத் தோனி அவரிடம் பந்தைக் கொடுக்க, நடுவர்கள் தடுத்தார்கள். இன்னும் நாலு நிமிடம் பாக்கி. தோனி நடுவர்களை நெருங்கினார், பேசினார், கேட்டார், விளக்கம் கேட்டார், மறுபடி பேசினார். சுற்றிச் சில வீரர்கள். ஆட்டம் நின்றது. பேச்சு ஓய்ந்தபோது நாலு நிமிடம் கழிந்திருந்தது! பதிரன ஓடிவந்து வீசினார். தந்திரம் என்பார்கள், ஆட்டத்தின் மரியாதைக்குக் குறைவு என்பார்கள், இரண்டும் உண்மை. கடைசி ஐந்து ஓவரை எந்தக் கையில் கொடுப்பது என்ற திட்டம் ஒருவர் மனதில் எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

திட்டமே இல்லாத நிலையில் என்ன நடக்கும் என்பதற்கு பிரிஸ்பேன். 2021 ஜனவரி. இந்தியாவின் ஆஸ்திரேலியப் பயணத்துக்கே இஷாந்த் வரவில்லை. ஷமிக்குக் கை எலும்பு முறிவு, உமேஷுக்குக் கெண்டைக்கால், பும்ராவுக்கு வயிற்றுத் தசை, அஸ்வினுக்கு முதுகு, ஜடேஜாவுக்குக் கட்டைவிரல். கடைசி டெஸ்டுக்கு மிஞ்சிய ஐந்து பந்துவீச்சாளர்களும் அதுவரை ஆடியிருந்த டெஸ்ட் மொத்தம் நாலு. அதில் ஷர்துல் தாக்கூரின் ஒரு டெஸ்ட் பத்துப் பந்தோடு காயத்தில் முடிந்தது. வலையில் பந்து போட அழைத்துப் போயிருந்த சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும், இருபது ஓவர் ஆட்டங்கள் முடிந்தும் வலைப்பயிற்சிக்கு நிறுத்திவைத்திருந்த சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் டெஸ்ட் தொப்பி வாங்கினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். தாக்கூருக்கும் மூன்று. இரண்டாவது இன்னிங்ஸில் சிராஜ் ஐந்து. இந்தியா மூன்று விக்கெட்டில் வென்றது.

கொரோனா கட்டுப்பாட்டால் ஊரிலிருந்து புது ஆளைக் கூப்பிட முடியாது என்று வலைப் பந்துவீச்சாளர்களையும் கூடவே வைத்திருந்தார்கள். தெரியாமலே ஒரு புல்பென் உருவாகிவிட்டது. ஆனால் அந்தக் கதையின் பின்பாதியை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை. ஐபிஎல்லில் தொடங்கி ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான நடராஜனுக்கு அந்த ஏப்ரலிலேயே முழங்கால் அறுவை. அதன் பிறகு அவர் டெஸ்ட் ஆடவில்லை. பாகிஸ்தானில் சிரித்துச் சிரித்தே ரசிகர்களை வளைத்த நம் லட்சுமிபதி பாலாஜியின் முதுகு எலும்பில் விரிசல் விழுந்ததும் இப்படித்தான், உச்சத்துக்கு வந்த கையோடு. மூன்று ஆண்டு வனவாசம் இருந்தார்.

இளம் முதுகுக்குத்தான் ஆபத்து அதிகம். கீழ்முதுகின் எலும்பு முழுசாக இறுக இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அதில் இறங்குகிறது. அதே நொடியில் இடுப்பு ஒரு பக்கம் வளைந்து திரும்புகிறது. பாட் கம்மின்ஸ் 2011இல் பதினெட்டு வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் அறிமுகமாகி ஏழு விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் ஆட 2017 மார்ச்சில் ராஞ்சி வரை காத்திருந்தார். இடையில் விரிசல் மேல் விரிசல். அவருக்கு ஆஸ்திரேலிய வாரியமும் மருத்துவர்களும் இருந்தார்கள். நம் கிராமத்துப் பையனுக்கு யார்?

அதனால்தான் சிறுவர்களுக்கு எண்ணி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் 95 எறிக்கு மேல் போகக் கூடாது. 66ஐ எட்டினால் நாலு நாள் பிட்ச் செய்யக் கூடாது. இங்கிலாந்து வாரியம் வேகப்பந்துச் சிறுவர்களுக்கு நெடுநாளாக வைத்திருந்த கணக்கில் 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதில் 6 ஓவர், நாளுக்கு 12. ஒரு ஸ்பெல் முடித்தால், அதே முனையிலிருந்து அத்தனை ஓவரை மற்றவர்கள் வீசிய பிறகுதான் திரும்ப வரலாம். 1854இல் தொடங்கிய விம்பிள்டன் கிரிக்கெட் கிளப் போன்ற பழைய கழகங்களில் இதைக் கேள்வி கேட்பவர் இல்லை.

ஓட்டை எங்கே என்றால், பையன் ஒரே அணிக்கு ஆடுவதில்லை. வார நாளில் பள்ளிக்கூடம், சனிக்கிழமை கிளப், ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தேர்வு ஆட்டமோ, அப்பாவின் பழைய மாணவர் சங்கம் நடத்தும் கிரிக்கெட் விழாவோ. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பயிற்சியாளர் எல்லை தாண்டாமல் ஒழுங்காக எண்ணுகிறார். நாலு எண்ணிக்கையையும் கூட்டுகிற ஆள் நாலு இடத்திலும் இல்லை. மேனேஜர் வேலை கடைசியில், காரோட்டிக்கொண்டு போகிற தகப்பன் தலையில் விழுகிறது. அவரோ மகன் இன்னும் இரண்டு விக்கெட் எடுத்தால் தேவலை என்று நினைக்கிறவர்.

விம்பிள்டனை அடுத்த மைதானம் ஒன்றில், ஒரு சனிக்கிழமை, பதினாலு வயதுப் பையன் ஒருவன் நல்ல வேகத்தில் வீசிக்கொண்டிருந்தான். மூன்று விக்கெட். பயிற்சியாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். பந்தை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். கயிற்றுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் இருந்த தகப்பன் எழுந்தார்.

“தம்பி, பெடியன் நல்லாப் போடுறான் எல்லே. இன்னும் ரெண்டு ஓவர் குடுமன்.”

“ஆறு முடிஞ்சுது அங்கிள். பிறகு குடுக்கிறன்.”

“பிறகு எல்லாரும் அவுட் ஆகிடுவினம்.”

இளைஞர் சிரித்தார். பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, “இந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில எத்தனை ஓவர் போட்டவர் அங்கிள்?” என்று கேட்டார். தகப்பன் யோசித்தார். தெரியவில்லை. மகனைப் பார்த்தார்.

“வியாழக்கிழமை பன்னிரண்டு,” என்றான் பையன். “நேற்றுப் பின்னேரமும் ஒரு மேட்ச்.”